ரத்தம் வந்தால் நிறுத்த வேண்டாம்

ஜனவரியில் எல்லோரும் வாயைத் திறந்து பொய் சொல்கிறார்கள்.
தினமும் பல்லிடுக்கில் நூல் விடுகிறேன் என்கிறார் கோவால்ச்சுக்.
(தமிழில் நூல் விடுவது வேறு என்று
அவருக்கு எப்படிச் சொல்வேன்.)
இரண்டு வாரம் எண்ணெய்க் கிணறு, ஒரு வாரம் வீடு.
கருவியை வைத்ததும் ஈறு சிவக்கிறது.
நேற்று இரவு மட்டும் விட்டிருக்கிறார்,
அதுவும் இன்று என் முகத்தில் முழிக்க வேண்டுமே என்று.

ஒன்பது வருடமாய் இதே வேலை.
வாய் சொல்வதைக் கேட்டுக்கொள்வேன்,
ஈறு சொல்வதை எழுதிக்கொள்வேன்.
"முதல் வாரம் ரத்தம் வரும்.
வந்தால் நிறுத்த வேண்டாம்.
தினமும் இரண்டு நிமிடம், அவ்வளவுதான்."
காலையிலிருந்து ஏழாவது முறை.

இதைச் சொல்கிறவள்
கால்கரிக்கு வந்து பதினோரு வருடமாய்
ஹைவேயில் ஏறியதே இல்லை.
வீட்டிலிருந்து கிளினிக்குக்குப் பதினெட்டு நிமிடம்
என்கிறது போன்.
எனக்கு நாற்பது.
முப்பத்தொரு சிக்னல், மூன்று பள்ளிக்கூடம்,
ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் யாராவது ஒருவர்.

டிசம்பர் முப்பத்தொன்று இரவு
கடைவாய்ப்பல் படம் போட்ட காலண்டரைச்
சமையலறையில் மாட்டி மேலே எழுதினேன்:
தினம் ஒரு எக்ஸிட்.
டியர்ஃபுட்டில் ஏறு, அடுத்ததில் இறங்கு.
உமாபதி படித்துவிட்டு
"ஜிம் எல்லாம் இல்லையா இந்த வருஷம்?" என்றான்.

முதல் நாள் சாலை காலி.
அறுபத்துநான்காம் அவென்யூவில் ஏறி
மெக்நைட்டில் இறங்கினேன்.
பெட்ரோல் பங்கில் நிறுத்தி
ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை
ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் மெக்நைட்.
மூன்றாம் நாள் மெக்நைட்.
நான்காம் நாள் மைனஸ் முப்பத்திரண்டு,
வண்டி கிளம்பவில்லை,
சந்தோஷத்தை மறைத்துக்கொண்டேன்.
ஐந்தாம் நாள் வண்டி கிளம்பியது,
நான் கிளம்பவில்லை.

காலண்டரில் அந்த இரண்டு கட்டமும்
பிடுங்கிய பல்லின் இடம்போல.
வேண்டாம் என்றாலும்
நாக்கு அங்கேதானே போய் நிற்கும்.

பொங்கலன்று சினூக் காற்று.
ஒரே இரவில் பனி உருகி
சாலையெல்லாம் கறுப்புத் தண்ணீர்.
தை பிறந்தால் வழி பிறக்கும் என்று
குடும்பக் குழுவில் யாரோ கரும்புப் படத்தோடு.
வழி பிறந்துதான் இருந்தது,
மணிக்கு நூறில் ஓடுகிற லாரிகளோடு.

முப்பத்திரண்டாம் அவென்யூவுக்கு இண்டிகேட்டர் போட்டேன்.
வலப்பக்கம் ஒரு லாரி.
அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று.
கண்ணாடி முழுக்கச் சேறு,
வைப்பர் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
பூசிக் கொடுத்தது.
எக்ஸிட் போய்விட்டது.
பதினாறாம் அவென்யூவும் போய்விட்டது.
இண்டிகேட்டர் மட்டும் டிக் டிக் என்று
என் சார்பில் கெஞ்சிக்கொண்டிருந்தது.
மெமோரியலில்தான் வழி விட்டார்கள்.

கிளினிக்குக்கு இறங்க வேண்டிய இடம் அதுதான்.

எட்டு மணிக்குத் திறக்கிற கதவின் முன்னால்
ஏழரைக்கே நின்றேன்.
சாவியோடு வந்த மாரிவிக், என்ன ஆச்சு என்று பயந்துவிட்டாள்.
இதைத் துணிச்சல் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.
லாரி.
மறுநாள் திரும்பவும் மெக்நைட்டிலேயே இறங்கினேன்.
அதற்கு மறுநாள் முப்பத்திரண்டில்.
பிப்ரவரியில் ஒன்பது கட்டம் வெள்ளை.
மார்ச்சில் எண்ணவில்லை.

ஜூலையில் கோவால்ச்சுக் வந்தார்.
தினமும் விடுகிறீர்களா என்று கேட்டேன்.
கூரை விளக்கைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தார்.
"கிணற்றுக்குப் போனால் மறந்துவிடுகிறது.
வீட்டில் இருந்தால், பெரும்பாலும்."
முன்வரிசையில் ரத்தம் இல்லை.
கடைவாயில் இருந்தது.

படிவத்தில் பெரும்பாலும் என்பதற்கு இடமில்லை.
ஆம் ஒரு கட்டம், இல்லை ஒரு கட்டம்.
இரண்டுக்கும் நடுவே சின்னதாய் ஒரு கோடு போட்டேன்.

மாலை டியர்ஃபுட்டில் ஏறியதும்
ஆலங்கட்டி விழத் தொடங்கியது, நெல்லிக்காய் அளவில்.
பதினாறிலேயே இறங்கிக்கொண்டேன்.